உமிச்சாம்பல் குழல்கள்

100 கிலோ நெல்லை அரைத்தால் ஏறத்தாழ 20 கிலோ உமி மிஞ்சும். அந்த உமியை முழுக்க எரித்தால் 4 கிலோ சாம்பல். அதில் மூன்றரைக் கிலோ அளவுக்குச் சிலிக்கா இருக்கும். ஆற்று மணலும் சன்னல் கண்ணாடியும் எதனால் ஆனவையோ அதே பொருள்தான். மண்நீரில் கரைந்து கிடக்கும் சிலிசிக் அமிலத்தை நெல்லின் வேர் உறிஞ்சுகிறது. தண்டு வழியே அது மேலேறுகிறது. நீர் ஆவியாகிப் போகும் இடங்களில் சிலிக்கா மட்டும் தங்கிப் படிகிறது. உமியின் வெளிப்புறம் அப்படிப் படிந்த கவசம். உமி மாட்டுத் தீவனத்துக்கு ஆகாமல் போவதற்கும், குப்பைக்குழியில் போட்டால் சீக்கிரம் மக்காததற்கும் இதுவே காரணம். உமிக்கரியால் பல் துலக்கிய தலைமுறையின் பற்சிப்பி தேய்ந்ததில் கரியைவிட இந்தச் சிலிக்காவுக்கே பங்கு அதிகம்.

இதே சிலிக்காவைப் பாறையிலிருந்து எடுக்க வேண்டுமானால் குவார்ட்ஸை வெட்டி, உடைத்து, மாவாக அரைக்க வேண்டும். நெற்பயிர் ஒரு போகத்துக்குள் அந்த வேலையை முடித்துத் தருகிறது. எரிப்பவர் கவனிக்க வேண்டியது சூட்டை மட்டும்தான். 600 டிகிரி செல்சியஸ் சுற்றுவட்டாரத்தில் எரித்தால் அணுக்கள் ஒழுங்கற்றுக் கிடக்கும் சிலிக்கா கிடைக்கும். 1,000 டிகிரிக்குக் கொண்டுபோனால் அணுக்கள் வரிசைகட்டி, கிரிஸ்டோபலைட் என்ற படிகமாகிவிடும். முன்னது எளிதில் வினைபுரியும், பின்னது பிடிவாதக்காரன். பின்னதன் தூசி நுரையீரலுக்குப் பகை. வேலையிடத்தில் சுவாசிக்கப்படும் படிகச் சிலிக்காவைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பட்டியலில் உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1997லேயே சேர்த்துவிட்டது. “உமிச்சாம்பல்தானே, இயற்கைப் பொருள்தானே” என்று மூக்கை மூடாமல் அள்ளுகிறவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

இந்த இரண்டு வகைச் சாம்பலையும் எடுத்துவைத்துக்கொண்டு தண்ணீர் வடிகட்டும் குழல்கள் செய்தவர்கள் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் இருக்கிறார்கள். ஜொகூர் பாருவை ஒட்டிய ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் சவ்வுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி மையத்தை ‘ஆம்டெக்’ என்பார்கள். அதை நிறுவி வளர்த்தவர் அகமது பௌசி இஸ்மாயில், பின்னாளில் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரும் ஆனார். உமிச்சாம்பல் மட்டுமல்லாமல் கரும்புச் சக்கைச் சாம்பல், செம்பனை ஆலைக் கொதிகலன் சாம்பல், மாட்டெலும்பு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் அங்கே குழலாக்கிப் பார்த்திருக்கிறார்கள்.

குழல் பிறக்கும் விதம் இது. நைசாகச் சலித்த சாம்பலை ஒரு கரைப்பானில் கலக்குவார்கள். அதில் பாலி ஈதர் சல்போன் என்ற பிளாஸ்டிக்கையும் கரைப்பார்கள். கிடைக்கும் கூழை, இடியாப்பம் பிழிவதுபோல, நுண்துளை வழியே அழுத்திப் பிழிவார்கள். துளையின் நடுவே இன்னொரு ஊசித்துளை உண்டு. அதில் தண்ணீர் ஓடும், அதனால் இழை உள்ளே பொள்ளலாக வரும். இழை நேரே தண்ணீர்த் தொட்டியில் விழுகிறது. கரைப்பான் வெளியேறித் தண்ணீருக்குப் போகிறது, தண்ணீர் உள்ளே நுழைகிறது, பிளாஸ்டிக் சட்டென்று உறைகிறது. இந்தச் சில விநாடி இடமாற்றம்தான் குழலின் தலையெழுத்து. தண்ணீர் வேகமாக நுழைந்த பக்கத்தில் விரல் விரலாக நீண்ட வெற்றிடங்களும், மெதுவாக நுழைந்த இடத்தில் பஞ்சு போன்ற நெருக்கமான அமைப்பும் உண்டாகும். பஞ்சுப்பகுதி வடிகட்டும், விரல்பகுதி தண்ணீருக்கு வழிவிடும். காய்ந்த குழலைச் சூளையில் ஏற்றினால் 600 டிகிரியில் பிளாஸ்டிக் எரிந்து காணாமல் போகும். 1,200 டிகிரியில் சாம்பல் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கடைசியில் கையில் இருப்பது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள பீங்கான் குழல். அழுக்குத் தண்ணீர் வெளியே நிற்கும், வடிந்த தண்ணீர் உள்ளே ஓடும்.

தண்ணீரில் உறையவைத்து இருவகை அமைப்புள்ள சவ்வைச் செய்யும் இந்த உத்திக்கு ஒரு வம்சாவளி உண்டு. கலிபோர்னியாவில் 1959–60 வாக்கில் சிட்னி லோப் என்பவரும் இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் சேர்ந்து, கடல்நீரைக் குடிநீராக்கும் செல்லுலோஸ் அசிடேட் சவ்வை உருவாக்கினார்கள். மேலே மெல்லிய நெருக்கமான தோல், கீழே பஞ்சு. இன்று நம் வீட்டுச் சமையலறைச் சுவரில் தொங்கும் ஆர்.ஓ. இயந்திரம் அந்த ஆய்வின் பேரப்பிள்ளை. சௌரிராஜன் பிறகு கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்துக்குப் போனார். அங்கே அவரோடு பணிபுரிந்த ஜப்பானியர் தகேஷி மட்சூரா, பிற்காலத்தில் அகமது பௌசி இஸ்மாயிலோடு சேர்ந்து சவ்வுகள் பற்றிய நூல்கள் எழுதினார். ஸ்கூடாய்க்கு இந்த வித்தை வந்து சேர்ந்த பாதைகளில் அதுவும் ஒன்று.

கழிவிலிருந்து வடிகட்டி என்றதும் பத்திரிகைகள் “இலவச மூலப்பொருள், மலிவு விலை” என்று எழுதிவிடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. பீங்கான் சவ்வின் விலையில் மூலப்பொருள் ஒரு பகுதிதான். சூளை, கரைப்பான், உடைந்துபோகும் குழல்கள் எல்லாம் கணக்கில் ஏறும். வழக்கமான பீங்கான் சவ்வுகள் அலுமினாவால் ஆனவை. அலுமினாத் துகள்கள் ஒட்ட 1,450 டிகிரிக்கு மேல் வேண்டும். உமிச்சாம்பலுக்கு 1,200 போதும். இந்த 250 டிகிரி வித்தியாசம் சின்னதாகத் தோன்றும். சூளைச் சுவரிலிருந்து கதிர்வீச்சாகப் பாயும் வெப்பம், கெல்வின் கணக்கிலான சூட்டின் நான்காம் அடுக்கில் ஏறுவது. கணக்குப் போட்டால் 1,450 டிகிரிச் சூளை 1,200 டிகிரிச் சூளையைப்போல ஏறத்தாழ 1.9 மடங்கு வீசும். சூளைக்கு உள்ளே பதிக்கும் காப்புச் செங்கல்லும் சூடேற்றும் கம்பியும் விலையில் வேறு ரகம். சாம்பலின் உண்மையான லாபம் அது ஓசியில் கிடைப்பதில் இல்லை, குறைந்த சூட்டில் கெட்டிப்படுவதில் இருக்கிறது. சாம்பலோடு ஒட்டிக்கொண்டு வரும் பொட்டாசியம் போன்ற ‘அசுத்தங்கள்’ துகள்களின் விளிம்பை முன்கூட்டியே இளக்கிவிடுவது இதற்குத் துணை. ஆனால் அதே இளக்கம் துளைகளையும் அடைக்கப் பார்க்கும். எங்கே நிறுத்துவது என்பதுதான் கலை.

ஓசி என்பதுகூட முழு உண்மை இல்லை. ஒரு கன மீட்டர் உமி 100 கிலோவைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். லாரியில் ஏற்றினால் பாதிக்கு மேல் காற்றுக்குத்தான் வாடகை கொடுக்கிறோம். ஜொகூர் நெல் மாநிலமும் அல்ல. மலேசியாவின் நெற்களஞ்சியம் வடக்கே கெடாவில் இருக்கிறது. ஆகவே உமியை அரிசி ஆலையிலேயே எரித்துச் சாம்பலாக அனுப்புவதுதான் கட்டுபடியாகும்.

சூளையே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களும் உண்டு. புனேயில் டாட்டா ஆராய்ச்சிக் கூடத்தில் உமிச்சாம்பலோடு சிமெண்டும் கூழாங்கல்லும் சேர்த்து ‘சுஜல்’ என்ற வடிகட்டி செய்தார்கள். அதன் வழியில், 2009 டிசம்பரில் ‘டாட்டா ஸ்வச்’ சந்தைக்கு வந்தது. சாம்பலின் மேல் வெள்ளியின் நுண்துகள்களைப் படியவைத்து, மின்சாரமோ குழாயழுத்தமோ இல்லாமல் வேலை செய்யும்படி அமைத்தார்கள். தொடக்க விலை 749 ரூபாய். 3,000 லிட்டர் வடிந்தபின் அதன் வடிகட்டிப் பகுதியை மாற்ற வேண்டும். பாக்டீரியாவுக்கு இது போதும். தண்ணீரில் கரைந்திருக்கும் ஈயத்தையோ உப்பையோ எடுக்க அது செய்யப்பட்டதல்ல.

கரைந்த பொருள் என்று வரும்போதுதான் வடிகட்டி என்ற சொல்லை நாம் சற்று நிதானமாகக் கையாள வேண்டும். ஈ கோலை பாக்டீரியா ஒன்றிரண்டு மைக்ரான் நீளம். பீங்கான் குழலின் துளை மைக்ரானின் பின்ன அளவு என்றால் அது நுழைய முடியாது. எண்ணெய்த் துளியும் அப்படியே. தண்ணீரை விரும்பும் சிலிக்காப் பரப்பில் ஈரம் படர்ந்துகொள்வதால் எண்ணெய் ஒட்டவும் தயங்கும். ஈய அயனியோ நானோமீட்டருக்கும் குறைவு. துளைக்கு அது கொசுகூட அல்ல, சாவகாசமாகக் கடந்து போகும். அதைப் பிடிக்க வேண்டுமானால் துளையை நம்பாமல் சுவரை நம்ப வேண்டும். சிலிக்காவின் பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் ஹைட்ராக்சில் தொகுதிகள் உலோக அயனிகளைப் பற்றிக்கொள்ளும். சல்லடையும் ஒட்டும்பரப்பும் ஒரே குழலில் அமைய வேண்டும் என்ற நோக்கத்தோடு ஸ்கூடாய்க் குழு 2017ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் முயன்றது. இதில் ஒரு இழுபறி உண்டு. குழல் உறுதியாக வேண்டுமானால் நன்றாகச் சுட வேண்டும். சுடச்சுட உட்பரப்பும் ஹைட்ராக்சில் தொகுதிகளும் குறையும். பச்சைச் சாம்பலுக்கு இருந்த பிடிமானம் சுட்ட குழலுக்கு இருக்காது.

ஆர்செனிக்கின் கதை இன்னும் சுவையானது. நெல்வேரில் சிலிசிக் அமிலத்தை உள்ளே விடும் வாசலுக்கு எல்.எஸ்.ஐ.1 என்று பெயர். ஜப்பானில் ஜியான் ஃபெங் மா குழுவினர் 2006ல் அதன் மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். இரண்டே ஆண்டில் இன்னொரு உண்மையும் தெரிந்தது. நீர் தேங்கிய வயலில் உண்டாகும் ஆர்செனைட்டும் உருவத்தில் சிலிசிக் அமிலத்தை ஒத்திருப்பதால் அதே வாசலில் புகுந்துவிடுகிறது. வங்காளத்து அரிசியில் ஆர்செனிக் ஏறுவதற்கு இந்தக் கவசம் தேடும் பழக்கமே வழி திறந்துவிட்டது. அந்தக் கவசத்தை எரித்து, குழலாக்கி, ஆர்செனிக்கைத் தடுக்கப் பயன்படுத்தினார்கள் ஸ்கூடாயில். துளையின் சுவரைத் தண்ணீர் ஒட்டாததாக மாற்றிவிட்டால் திரவம் உள்ளே நுழையாது, ஆவி மட்டும் நுழையும். ஒரு பக்கம் வெந்நீர், மறுபக்கம் குளிர்நீர். ஆவி கடந்து சென்று மறுபக்கம் குளிர்ந்து நீராகும். ஆர்செனிக் ஆவியாகாமல் பின்னால் நின்றுவிடும். கொதிக்க வைக்கத் தேவையில்லை, 60 டிகிரி அளவு சூடு போதும். ஏதாவது ஆலையில் வீணாகும் வெந்நீர் இருந்தால் எரிபொருள் செலவே இல்லை.

தண்ணீர் ஒட்டாமல் செய்யப் பூசுவது எது என்று கேட்டால் கொஞ்சம் முகம் சுருங்கும். ஃபுளோரின் நிறைந்த சிலேன் அது. எளிதில் சிதையாத ஃபுளோரின் சேர்மங்களின் மீது உலகமெங்கும் கட்டுப்பாடு இறுகிவரும் காலம் இது. குழல் பிழியப் பயன்படும் வழக்கமான கரைப்பான் என்.எம்.பி. கருவிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடியது என்பதால் ஐரோப்பாவில் அதற்கும் வரம்பு விதித்திருக்கிறார்கள். கழிவிலிருந்து வந்தது என்பதற்காக ஒரு வடிகட்டிக்குப் ‘பசுமை’ என்ற அடைமொழியைத் தூக்கிக் கொடுத்துவிட முடியாது. சாம்பலைத் தவிர மற்றவை என்னென்ன என்று பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

ஜொகூரின் சொந்தக் கழிவு நெல்லிலிருந்து வருவதல்ல, செம்பனையிலிருந்து வருவது. குளுவாங்கிலும் கூலாயிலும் சிகாமட்டிலும் பால் மரம் வெட்டிய தமிழ்க் குடும்பங்கள், ரப்பர் போய்ச் செம்பனை வந்ததைக் கண்ணெதிரே பார்த்தவை. 100 கிலோ பழக்குலை ஆலைக்குள் போனால் எண்ணெய் 20 கிலோ சுமாருக்கு வரும். வெற்றுக்குலை 22 கிலோ, நார் 13 கிலோ, பருப்பை உடைத்த ஓடு 6 கிலோ. நாரும் ஓடும் ஆலையின் கொதிகலனுக்கே விறகு. அந்த நீராவியில்தான் பழம் வேகிறது, ஆலைக்கு மின்சாரமும் கிடைக்கிறது. எரிந்து மிஞ்சும் சாம்பலைச் சிமெண்டோடு கலந்து கான்கிரீட் செய்யலாமா என்று ஸ்கூடாயின் கட்டடப் பொறியாளர்கள் 1990களிலேயே ஆராய்ந்தார்கள்.

ஓட்டுக்கு வேறொரு மதிப்பும் உண்டு. காற்றைக் கட்டுப்படுத்தி அதைக் கரியாக்கி, பிறகு 800 முதல் 1,000 டிகிரியில் நீராவி பாய்ச்சினால், நீராவி கரியின் ஒரு பங்கை அரித்து வாயுவாக்கிக்கொண்டு போகும். அரித்த இடமெல்லாம் நுண்துளை. ஒரு கிராம் கரிக்குள் 1,000 சதுர மீட்டர், அதாவது கால் ஏக்கர் அளவுக்கு, அழுக்கும் நச்சும் ஒட்டிக்கொள்ளும் உட்பரப்பு உண்டாகும். முதல் உலகப்போரின் கடைசி ஆண்டில் நச்சுவாயு முகமூடிகளுக்காக அமெரிக்காவில் தேங்காய் ஓட்டையும் பழக்கொட்டைகளையும் பொதுமக்களிடம் திரட்டினார்கள். இலங்கையில் 1973ல் தொடங்கிய ஹேகார்ப் நிறுவனம் தேங்காய் ஓட்டுக் கரியை உலகச் சந்தைக்கு விற்றே வளர்ந்தது. காங்கேயம் பக்கம் ஓட்டுக்கரி சுடும் குழிகளை நம்மில் பலர் பார்த்திருப்போம். செம்பனை ஓடும் அதே குணமுடையது. ஆனால் ஜப்பான் 2012க்குப் பிறகு உயிரெரிபொருள் மின்சாரத்துக்கு நல்ல விலை நிர்ணயித்ததும், மலேசிய, இந்தோனேசியச் செம்பனை ஓடு கப்பலேறத் தொடங்கிவிட்டது. நேற்றுவரை பாதையில் கொட்டிப் பரப்பிய ஓட்டுக்கு இன்று டன் கணக்கில் பேரம். கரி சுட நினைப்பவர் ஜப்பானிய மின்நிலையத்தோடு போட்டி போட வேண்டும். ஒரு கழிவுக்கு நல்ல பயன் கண்டுபிடித்தால் அது கழிவாக நீடிக்காது.

ஆலை வெளியேற்றும் கழிவுநீருக்குத்தான் போட்டி யாரும் இல்லை. ஒரு டன் எண்ணெய்க்கு இரண்டரை முதல் மூன்று டன் வரை பழுப்புநிறக் குழம்பாக அது வரும். அதைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜன் லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் வாக்கில் இருக்கும். ஊர்ச் சாக்கடையைவிட நூறு மடங்கு. மலேசிய அரசு 1977ல் இதற்கென்றே விதிகள் கொண்டுவந்தது. 1978ல் 5,000 மில்லிகிராம் வரை அனுமதித்து, படிப்படியாக இறக்கி, 1984ல் 100 என்று கட்டியது. ஆலைகள் வரிசையாகக் குளங்கள் வெட்டி நுண்ணுயிர்களிடம் பொறுப்பை ஒப்படைத்தன. பெரும்பாலான ஆலைகளில் இன்றும் அதே குளங்கள்தான். கடைசிக் குளத்திலிருந்து வரும் நீர் விதிக்கு உட்பட்டாலும் நிறம் தேநீரைப்போலத்தான் இருக்கும். அந்த இறுதி மெருகுக்குத்தான் கரியும் பீங்கான் குழலும் பொருந்தும்.

இங்கே உமிச்சாம்பல் குழலுக்கு ஒரு சங்கடம் காத்திருக்கிறது. எண்ணெயும் சேறும் கலந்த நீரில் எந்தச் சவ்வும் அடைத்துக்கொள்ளும். அடைத்ததைக் கழுவ ஆலைக்காரர்கள் நம்புவது சூடான காஸ்டிக் சோடாக் கரைசலை. அலுமினாக் குழல் அதைத் தாங்கும். சிலிக்காவோ காரத்தில் கரையும். ஒவ்வொரு கழுவலிலும் குழலின் சுவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும், துளை அகலும். மலிவாக வாங்கிய குழலை அடிக்கடி மாற்றினால் மலிவு எங்கே நிற்கும்? தண்ணீரை எதிர்த்திசையில் அடித்துக் கழுவுவது, அமிலத்தை மட்டும் பயன்படுத்துவது என்று மாற்றுவழிகள் உண்டு. கொழுப்பைக் கரைப்பதில் அவை காஸ்டிக்குக்கு ஈடாகா.

காரத்தில் கரைவது குழலுக்குக் குறை என்றால், வேறொரு வேலைக்கு அதுவே தகுதி. உமிச்சாம்பலைக் காஸ்டிக் சோடாவில் கரைத்து, அலுமினியச் சேர்மம் சேர்த்து, ஏறத்தாழ 100 டிகிரியில் ஊறவைத்தால் சியோலைட் படிகங்கள் வளரும். சூளையே வேண்டாம். 600 டிகிரியில் எரித்த ஒழுங்கற்ற சாம்பல் இதற்குத் தோதாக எளிதில் கரையும், கிரிஸ்டோபலைட் கரைய மறுக்கும். ஸ்கூடாயின் அதே பல்கலைக்கழகத்தில் ஹலிமாத்தோன் ஹம்டான் குழுவினர் உமிச்சிலிக்காவிலிருந்து சியோலைட் செய்யும் ஆய்வை 1997ல் வெளியிட்டார்கள். உமியிலிருந்து ‘மேரோஜெல்’ என்ற மிக இலேசான வெப்பக்காப்புப் பொருளைச் செய்தவரும் அவர்தான். சியோலைட் என்பது அணுக்களால் ஆன கூண்டு. உள்ளே சோடியம் அயனிகள் தளர்வாகக் குடியிருக்கும். அம்மோனியம் அயனி வந்தால் சோடியம் இடம் கொடுத்து வெளியேறும்.

ஜொகூருக்கு இது முக்கியம். அந்த மாநிலத்தின் குடிநீரை அடிக்கடி நிறுத்துவது பாக்டீரியா அல்ல, அம்மோனியா. 1962 ஒப்பந்தப்படி சிங்கப்பூர் 2061 வரை நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுத்துக்கொள்ளும் ஜொகூர் ஆற்றில், 2017க்குப் பிறகு பலமுறை அம்மோனியா ஏறி நீரெடுப்பை நிறுத்தியிருக்கிறார்கள். 2019 ஏப்ரலில் நிறுத்தியபோது ஆயிரக்கணக்கான வீடுகளில் குழாய் வறண்டது. உரம், கோழிப்பண்ணை எரு, ஆலைக்குளம், கழிவிலிருந்து செய்யும் மக்கு உரம் என்று அம்மோனியாவுக்குப் பல வழிகள். சுத்திகரிப்பு நிலையம் ஏன் மூட வேண்டும்? குளோரின் கிருமியைக் கொல்லப் போவதற்குமுன் அம்மோனியாவோடு கூடிவிடும். ஒரு பங்கு அம்மோனிய நைட்ரஜனைத் தீர்த்துக்கட்ட எட்டுப் பங்குக்கு மேல் குளோரின் வேண்டும். அதனால்தான் மலேசியாவில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய ஆற்றுநீரை ஏற்பதில்லை. இந்த அம்மோனியத்தைத் துளையுள்ள குழல் தடுக்காது. ஓட்டுக்கரியும் சரியாகப் பிடிக்காது. இத்தகைய கரைந்த அயனிகளைக் கரி பெரும்பாலும் அலட்சியம் செய்யும். பிடிக்கக்கூடியது சியோலைட்.

ஆற்றங்கரை நிலையத்தில் அதை வைப்பது நடக்காத காரியம், அங்கே ஓடும் தண்ணீரின் அளவு அப்படி. வைத்தால் ஆலைக்குளத்தின் கடைசி மதகில்தான் வைக்க வேண்டும். அங்கே நீர் குறைவு, அம்மோனியம் அதிகம். ஆனால் அந்த நீரில் பொட்டாசியமும் ஏராளம், ஏனென்றால் செம்பனைக்குப் பொட்டாசியம் மிகப் பிடித்த உணவு. பல சியோலைட்டுகள் அம்மோனியத்தைவிடப் பொட்டாசியத்தையே முதலில் வரவேற்கும். கூண்டு சீக்கிரம் நிறைந்துவிடும். உப்புநீரால் கழுவி மீட்டால், கழுவிய உப்புநீரை எங்கே கொட்டுவது என்ற அடுத்த கேள்வி வரும். மீட்காமல் நிறைந்த கூண்டை அப்படியே தோட்டத்துக்குக் கொண்டுபோய் மரத்தடியில் போட்டால் நைட்ரஜனும் பொட்டாசியமும் மெதுவாகக் கசியும் உரமாகும். அந்த வழியில் ஆய்வுகள் நடக்கின்றன. தோட்ட நிர்வாகி பார்ப்பது ஒரு மூட்டை யூரியாவின் விலையும், ஈரமான சியோலைட்டை மரத்துக்கு மரம் சுமந்து போடக் கொடுக்க வேண்டிய கூலியும்தான்.